கால்வாய் ஓரத்தில் நான் வைத்த பிள்ளையார்

அரசாங்கம் என் சமையலறையை இடித்து அதன் வழியாக ஆற்றுத் தண்ணீரை ஓட்டப் போகிறது என்று நாற்பது நாள் முழுமனதோடு நம்பிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி, "நாப்பது இல்லீங்க, நாப்பத்தஞ்சு" என்கிறாள். சரி, நாற்பத்தைந்து.

இதில் பெரிய வேடிக்கை, அந்தத் திட்டம் வேண்டும் என்று மனு எழுதியவனே நான்தான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. பட்டா மாறுதல், சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு என்று யார் எதைக் கொண்டு வந்தாலும் முதல் பத்தியை அவரவர் கதைக்கேற்ப எழுதுவேன். கடைசிப் பத்தி மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. "ஆக்கிரமிப்புகளைப் பாரபட்சமின்றி அகற்றி, போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கை தானாக எழுதிவிடும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கேட்டு வந்தவருக்கும் ஒருமுறை அதையே எழுதிவிட்டேன். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெயரும் திருத்தி வந்தது.

கால்வாய் மனு என் மச்சானுக்காக எழுதியது. மனைவியின் தம்பி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறான். மீதி நாளில் வேன் ஓட்டுகிறான். அவன் நிலம் ஏரிப் பாசனம். அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய கால்வாய் எங்கள் வீட்டை ஒட்டித்தான் போகிறது. போகிறது என்று சொன்னேனே தவிர, அதில் சீமைக்கருவேலமும் தெருவின் குப்பையும்தான் இருந்தன.

"மாமா, அணை ரொம்பினா ஆத்துல தொறந்து வுட்டுர்றாங்க. அத்தினி தண்ணியும் கடலுக்குப் போவுது. நம்ம ஏரியில மாடு மேயுது. இன்னா நியாயம் இது?" என்பான். வருஷத்துக்கு இரண்டு மனு எழுதுவேன். முதல் கையெழுத்தும் நானே போடுவேன். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிதி வராது, கால்வாயும் வராது, ஆனால் மச்சானுக்காகப் பாடுபட்டவன் என்ற பெயர் மட்டும் மாமியார் வீட்டில் எனக்கு நிலைத்திருக்கும்.

ஒரு நாள் நிதி வந்துவிட்டது.

வீணாகும் உபரி நீரைக் கால்வாய்களைத் தூர்வாரி ஏரிகளுக்குத் திருப்ப அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மச்சான் ஒரு மூட்டை மணிலாவோடு வந்து இறங்கினான். "மாமா, எல்லாம் உங்க பேனாதான்!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நானும் கொஞ்ச நேரம் ஒற்ற விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால், காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. அதன்மேல் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் ஓர் எண்: 171.40. பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

சாலை அகலப்படுத்தும்போது இடிக்கிற வீடுகளில் இப்படித்தான் குறி போடுவார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எண் என்பது எத்தனை அடி உள்ளே இடிக்க வேண்டும் என்ற கணக்கு. டேப் எடுத்து அளந்தேன். என் மனையின் மொத்த நீளமே அறுபது அடி. அப்படியானால் என் வீடு, எதிர்வீடு, அதற்கும் பின்னால் இருக்கிற ரிடையர்டு வாத்தியார் வீட்டுக் கழிவறை வரைக்கும் போகிறது. அந்த நேரத்தில் அதுவே ஓர் ஆறுதலாக இருந்தது. வாத்தியாரும் மாட்டினார்.

மனசாட்சி வேறு உறுத்தியது. வீடு கட்டும்போது மேஸ்திரி, "சார், கால்வா பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கலாமா? யார் கேக்கப் போறா?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

"ஆபீசு எதிர்லதானே நாள் பூரா உக்காந்திருக்கீங்க. ரோட்டத் தாண்டிப் போயி இன்னான்னு கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்டி."

"பெயின்ட் அடிச்சவங்களுக்கு மறந்தா பூடும்?"

என் மனுவுக்கு எதிராக நானே ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி உருக்கமாக வந்தது. கடைசியில் கை தன் வழக்கப்படி, ஆக்கிரமிப்புகளைப் பாரபட்சமின்றி அகற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டது. கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நம் ஊரில் பொக்லைன் எதைக் கண்டு நிற்கும்? போலீசைக் கண்டுகூட நிற்காது. சாமியைக் கண்டால் நிற்கும். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு கல் சிற்பக் கடையில் முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையார் வாங்கினேன். மச்சானின் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"இன்னா மாமா திடீர்னு?" என்றான் அவன்.

"வாஸ்து சரியில்லையாம்."

"உங்களுக்கு வாஸ்து மேலல்லாம் நம்பிக்க வந்துடுச்சா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

சுவருக்கு வெளியே, கால்வாய் மூலையில், நான்கு செங்கல் அடுக்கிப் பிள்ளையாரை உட்கார வைத்தேன். புதுக் கல் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. தினமும் எண்ணெயைத் தேய்த்து, விளக்குக் கரியைப் பூசி, மஞ்சள், குங்குமம் என்று ஏற்றி, மூன்றே வாரத்தில் அவருக்கு முந்நூறு வயது ஆக்கிவிட்டேன். தெருவில் யார் கேட்டாலும், "பூட்டன் காலத்துச் சாமிங்க. புதருக்குள்ள கெடந்தாரு" என்றேன்.

நான் கணக்கில் எடுக்காதது பௌர்ணமியை. அன்றைக்குப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் அங்கிருந்து எங்கள் தெரு வழியாகத்தான் மலையைச் சுற்ற நடந்து போவார்கள். யாரோ ஒருவர் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். அவரைப் பார்த்து அடுத்தவர். சாயங்காலத்துக்குள், கிரிவலம் தொடங்கும் முன் கும்பிட வேண்டிய பிள்ளையார் இவர் என்று ஆகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னிடமே, "ரொம்ப சக்தி உள்ள சாமிப்பா, விசாரிச்சுட்டுதான் வந்தேன்" என்று விளக்கினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிதறுதேங்காயைப் பொறுக்கி இரண்டு நாள் சட்னி அரைத்தோம். நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு பொக்லைன் வந்தது. கால்வாயைத் தோண்டிக்கொண்டே வந்து, பிள்ளையாருக்குப் பத்தடி தள்ளி, நான் திட்டமிட்டபடியே நின்றது. டிரைவர் இறங்கிக் கும்பிட்டார்.

"சாமி மேல கை வெக்க மாட்டேன் சார். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அப்போது மச்சானின் வேன் சர்ரென்று வந்து நின்றது. இறங்கியவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, அணையில தண்ணி ஏறிக்கினே இருக்குது. எப்ப வேணா தொறந்துடுவாங்களாம். இந்த ஒரு எடம்தான் பாக்கியாம். இது வுட்டுப்போச்சுன்னா இந்த வருஷமும் ஏரி காலி. நாத்து வேற வுட்டுட்டேன் மாமா."

அவன் நாற்றுவிட்டதை அவன் அக்காவுக்கும் எனக்கும் முன்பே சொல்லியிருந்தான். நான் என் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது காதில் ஏறவில்லை.

அதற்குள் கால்வாய் வேலையைப் பார்க்கும் பெண் என்ஜினீயர் வந்துவிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். வரைபடத்தை வண்டி சீட்டில் விரித்து, ஆட்களை விட்டு டேப் பிடிக்கச் சொன்னார்.

"சார், உங்க சுவரு கால்வாயிலருந்து நாலடி தள்ளியே இருக்குது. பிரச்சினையே இல்ல. இந்தப் பிள்ளையார்தான் கால்வாய்க்குள்ள இருக்காரு. எத்தினி வருஷமா இருக்காரு?"

"அது பூட்டன் காலத்துலருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா மாமா பூட்டன் காலம்?" என்றான் மச்சான், பதற்றத்தில் யோசிக்காமல். "போன மாசம் என் வேன்லதானே ஏத்தினு வந்தோம்?"

தெருவே சிரித்தது. ரிடையர்டு வாத்தியார் சிரித்த சிரிப்பில் அவருடைய கழிவறையையும் சேர்த்து இடித்திருக்கலாம் என்று தோன்றியது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், நாப்பத்தஞ்சு நாளா இவரு ஒழுங்கா சாப்புடல. அந்தச் செவப்புக் கோடு இன்னான்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"அதுவா? மட்டம் பாக்குறதுக்குப் போட்ட குறிங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாக்கணுமில்ல? கடல் மட்டத்துலருந்து இந்தக் கோடு நூத்தி எழுபத்தொண்ணு புள்ளி நாப்பது மீட்டர் ஒசரம். சுவரு நல்லா ஸ்ட்ராங்கா இருந்துச்சு, அதான் இதுல போட்டோம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், நீங்கதானே அந்த மனுல மொதல் கையெழுத்து? ஆக்கிரமிப்புகளைப் பாரபட்சமின்றின்னு எழுதியிருந்தீங்களே. நல்லா இருந்துச்சு" என்றார். கேலியா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளையாரை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. டிரைவர் மாட்டேன் என்றார். ஆட்களும் பின்வாங்கினார்கள். மனைவி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் நான்கு செம்பருத்தியும் கொண்டுவந்தாள். பூவைப் பிள்ளையார் தலையில் வைத்து, "எங்க வூட்டுக்கு வாங்க சாமி, வெளிய வெச்சது எங்க தப்பு" என்றாள். 'எங்க' என்று சொன்னதற்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். எண்ணெய் அவ்வளவு பூசியிருந்ததால் அவர் கையில் நிற்கவே இல்லை. இரண்டு முறை வழுக்கினார். ஒருமுறை என் காலில் இறங்கினார். கட்டைவிரல் நகம் போனது.

"சாமி மன்னிச்சுட்டாரு மாமா, சின்னதாத்தான் வெச்சிருக்காரு" என்றான் மச்சான்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தைத் தோண்டி முடித்தார்கள். ஐந்தாம் நாள் அணையைத் திறந்தார்கள். காலையில் காபியோடு சுவரோரம் நின்று பார்த்தேன். குப்பையும் நுரையும் முன்னால் வர, செம்மண் நிறத்தில் தண்ணீர் வீட்டை உரசாமல் போனது. மச்சானின் ஏரி நிரம்பியது, அவன் நட்டான். எங்கள் வீட்டில் ஒரு செங்கல்லும் இடிபடவில்லை. அந்தக் கால்வாய்க்காக எங்கள் தெருவில் அகற்றப்பட்ட ஆக்கிரமிப்பு ஒன்றே ஒன்று. அதை வைத்தவன் நான்.