தூளில் மண்ணள்ளிப் போட்டவள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. காதுபடவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். கணவர் முதன்முதலாகக் காதலைச் சொன்னபோதுகூட, "சாப்பிட்டுட்டு வந்து இன்னொரு தரம் சொல்லுங்க, பசியில சொல்ற மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்பியவள். சாப்பிட்டுவிட்டு வந்தும் அதையே சொன்னார். கல்யாணம் ஆனது.

கணவருக்கு அடுத்த அறையில் வினையூக்கி செய்கிற வேலை. வாயுக்கள் சோம்பலாக முடிக்கிற காரியத்தை விரட்டி முடிக்க வைக்கும் ஒரு கறுப்புத் தூள் அது. அந்தத் தூளை விரல் பருமன் எஃகுக் குழாயில் அடைத்து, சூடேற்றி, வாயுவை விட்டு, வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று அளப்பது இவள் வேலை. ஆக, புருஷன் பெற்ற பிள்ளைக்குப் பெண்டாட்டி மார்க் போட வேண்டும்.

இந்த முறை பிள்ளை நூற்றுக்கு நூற்றைம்பது வாங்கிவிட்டது. பழைய தூளைவிட மூன்று மடங்கு வேகம்! இயக்குநர் கணவரின் தோளைத் தட்டினார். தூளை வாங்க நினைக்கும் தொழிற்சாலைக்காரர்கள் வந்து தலையாட்டிவிட்டால் துறைத்தலைவர் நாற்காலி அவருக்குத்தான். வீட்டில் இப்போதே அதில் உட்கார்ந்த தோரணையில்தான் தேநீர் குடித்தார்.

அந்த மூன்று மடங்கு இவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வினை நடக்கும்போது அதுவே சூட்டைக் கக்கும். வெப்பமானியோ குழாய்க்கு வெளியே, சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே நடுவில் தகிப்பது அதற்கு எப்படித் தெரியும்? சூடு ஏறினால் எந்தத் தூளும் ஓடத்தான் செய்யும். அப்படியானால் அளந்தது தூளின் கெட்டிக்காரத்தனமா, சூட்டின் உபயமா?

மெல்லிய வெப்பமானி ஒன்றை நட்டநடுவில் செருகினாள். கழுவி வறுத்த வெள்ளை மணலை மட்டும் நிரப்பி ஓட்டிப் பார்த்தாள். வாயு போனபடியே வெளியே வந்தது. மணல் எதிலும் தலையிடாது என்று உறுதியானபின், கொஞ்சம் தூளோடு நிறைய மணலைக் கலந்தாள். சூடு ஓரிடத்தில் குவியாமல் பரவட்டும் என்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார்.

"என்ன பண்றே?"

"உங்க தூள்ல மண்ணு கலக்கறேன்."

"அடுத்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடறவங்க மறைஞ்சு நின்னு போடுவாங்க. நீ எடை பாத்து போடறியே!"

"சூடு பரவணும்ங்க."

"எனக்கு நல்லாவே பரவுது."

பழைய தூளையும் அதே மாதிரி ஓட்டி, எடைக்கு எடை ஒப்பிட்டாள். மூன்று மடங்கு இல்லை, ஒன்றேகால்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க வந்துட்டுப் போகட்டுமே, அப்புறம் திருத்து. ஓடியா போயிடும்?"

"ஓடத்தாங்க போகுது. இத்தனூண்டு குழாய்லயே இவ்ளோ சூடு. அவங்க பெரிய ரியாக்டர்ல கட்டுமீறினா யார் பிடிச்சு நிறுத்தறது? பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க."

கணவர் அவள் கணக்கெழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

தொழிற்சாலைக்காரர்கள் வந்த கூட்டத்தில் அவரே எழுந்து புதிய கணக்கைக் காட்டினார்.

"மூணு எப்படிய்யா ஒண்ணேகால் ஆச்சு?" என்றார் இயக்குநர்.

"ஆகலை சார், எப்பவுமே ஒண்ணேகால்தான். சூட்டோட வேகத்தையும் தூள் கணக்குல எழுதிட்டோம்."

தொழிற்சாலைக்காரர்கள் நடுச்சூடு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். நாற்காலி, எதையும் அளக்காததால் எதிலும் பிழை செய்யாத இன்னொருவருக்குப் போனது.

அந்தச் செய்தி வந்த மாலை, வீட்டில் கணவர் பாத்திரம் தேய்த்தார். கடைசித் தட்டைக் கவிழ்த்தபின் சொன்னார்:

"உன் மணல் கரடா இருக்கு. தூளும் மணலும் ஒரே பருமனா இருந்தாத்தான் வாயு சீராப் போகும். நாளைக்கு நான் சலிச்சுத் தரேன்."

"அப்போ கோபம் போயிடுச்சா?"

"இருக்கு. அது வேற, இது வேற."