பத்துக்கு ஐந்து

இராஜரத்தினம் ஐயா முக்காலியில் அமர்ந்து, மின்னழுத்தம் பார்க்கும் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒலிபெருக்கி வயரில் அழுத்திப் பிடித்திருந்தார். நான் அவர் சொன்னபடி ஒலியளவுக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில நிக்க வேணும், பேச்சியம்மா. கொஞ்சம் உரக்கப் பாடுறதுதான் நல்லதெண்டு காது ஏமாந்துபோம்."

ஐயாவின் ஊர் வடக்கே மானிப்பாய். கொழும்பில் முப்பத்தொரு வருடம் ஒலிப்பதிவு வேலை. எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தபின் மலைநாட்டு அம்பிட்டியவுக்கு வந்தவர். மனைவி இறந்த பிறகு, சர்க்கரை நோயோடு தனித்திருந்த அவரைப் பார்த்துக்கொள்ள நான் போனேன். இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில், போர்க்காலத்தில்.

புதிய பெட்டியைக் கொண்டுவந்தவர் கட்டுகஸ்தோட்டையில் ரேடியோக் கடை வைத்திருந்த ஹாஷிம். சீடி இறுவட்டில் எண்களாகக் கிடப்பதை ஒலியாக மாற்றுவதுதான் அதன் வேலை. அதே வேலைக்கு ஐயாவிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. புதியது ஒரு மோட்டார் சைக்கிள் விலை.

"கடைக்கு எடுக்கிறதா வேணாமா, நீங்கதான் சொல்லணும் சேர். மெஷினவிட ஒங்கட காதத்தான் நம்புறேன்" என்றார் ஹாஷிம்.

"காதுக்கும் எழுபத்தாறு வயசு, ஹாஷிம். அதையும் சேத்துச் சோதிப்பம்."

ஹாஷிம் போனதும் தொடங்கினோம். நான் திரைக்குப் பின்னால் நின்று காசைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்ப வயரை மாற்ற வேண்டும். புதியதா பழையதா என்று அவர் சொல்ல, நான் தாளில் குறிக்க வேண்டும். பத்துத் தடவை.

"எட்டுக்குக் குறைஞ்சா, ஒண்டில் ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி, இல்லாட்டி என்ர காது போச்சு. அப்ப காது டொக்டரிட்டப் போவம்."

பாட்டின் முடிவில் வெண்கலத் தாளம் ஒரு முறை தட்டி ஓயும். அந்த ரீங்காரம் நின்றதும் ஐயா விரலை உயர்த்துவார். திரை இடுக்கால் பார்த்தேன். அவர் விரலை உயர்த்திய பிறகும் எனக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. புதிய பெட்டியில் இன்னும் நீண்டது. பத்துத் தடவையும் அப்படித்தான்.

ஐந்துதான் சரி.

"எத்தினை?" என்று கழுத்தை நீட்டிக் கேட்டார்.

"ஒம்பது, ஐயா."

"பாத்தியே! கிழட்டுக் கழுதைக்கு இன்னும் காது நீளம்தான்!"

சிரித்துக்கொண்டே ஹாஷிமுக்கு 'எடுக்கலாம்' என்று எழுதினார். உண்மைக் கணக்கிருந்த தாளை நான் மடித்து என் பைக்குள் வைத்தேன். நோயாளியின் மனம் தளரக்கூடாது என்று பராமரிப்புப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். நோயை மறைக்கச் சொல்லித் தரவில்லை. எனக்கு எது சுலபமோ அதைச் செய்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தபாற்கந்தோருக்குத் தனியே போனார். பள்ளத்தில் இராணுவத்தினர் புதிதாகச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பின்னாலிருந்து விசில் அடித்திருக்கிறார்கள். அவர் நிற்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் ஒரு அடி, காறை எலும்பு முறிந்தது. அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் மாலைவரை உட்கார்த்தி வைத்தார்கள். ஹாஷிம் போய்ப் பேசி, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்.

"விசில் அடிச்சவையாம், பேச்சியம்மா. ஒன்பது சரி சொன்ன காதுக்கு விசில் கேக்காமப் போகுமே?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

மறுநாள் காலை, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தத் தாளை விரித்து வைத்தேன். இரண்டு தரம் எண்ணினார். என்னைத் திட்டவில்லை.

"ஹாஷிமுக்கு ஃபோன் எடு. என்ர சொல்லை நம்பிப் பெட்டி எடுக்க வேண்டாமெண்டு சொல்லு."

சொன்னேன். பிறகு கட்டுப் போட்ட கையை நோகாமல் சட்டைக்குள் விட்டு, பொத்தான் பூட்டி, காது டொக்டரிடம் கூட்டிப்போனேன்.