நாலு வளைவு மல்லாரி

முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் இரண்டாவது கியருக்கு இறங்கியதும் ஷானவாஸின் இடது கை கேசட்டைத் தேடும். கண் மட்டும் ரோட்டை விட்டு நகராது. சட்டைப் பையில் ஒன்று, டேஷ்போர்டில் நாலைந்து, சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டப்பாவில் மிச்சம். எந்தக் கேசட்டிலும் பெயர் இருக்காது. மூலையில் பேனாவால் ஒரு எண் மட்டும் போட்டிருக்கும். "இது காம்போதி சார், ஏழு வளைவு வரும். இந்தா, இது பிலஹரி. மூணு வளைவுல முடிஞ்சிரும்" என்பார். நிமிடக் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது.

கம்பத்திலிருந்து மலையேறி, கம்பம்மெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்புகளில் ஒன்று அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும்தான். வண்டி கர்ணன் என்பவருக்குச் சொந்தம். காலை ஆறரை மணிக்கு வண்டியின் பின்பக்கத்தில் பதினான்கு பேர் தூக்குச்சட்டிகளோடு ஏறிவிடுவார்கள். மெட்டில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிற நான் முன்சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுப் போவேன். எனக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு நல்ல இடம் உண்டு. அது கங்காணிக்கு உரியது, அதில் யாரும் கண் வைக்கக் கூடாது.

ஷானவாஸுக்குப் பாட வராது. அவர் முணுமுணுத்தால் மோகனமும் தோடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உத்தமபாளையத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவர். இளம் வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டியிருக்கிறார். டாக்டர் கச்சேரிப் பைத்தியம். "அவுக உள்ள போயிட்டா மூணு மணி நேரம் வெளியவே நிக்கணும் சார். நான் நின்னுட்டேன். காது மட்டும் உள்ள போயி உக்காந்துக்கிருச்சு" என்பார். மதுரையில் நாலு கச்சேரி கேட்ட திமிர் எனக்கு உண்டு. அதை இந்த மனிதர் இரண்டே வாரத்தில் இறக்கிவிட்டார்.

கேசட்டெல்லாம் வீட்டு ரேடியோவிலிருந்து அவரே பதிவு செய்தவை. பதிவு நடக்கிற நேரம் அவர் மனைவி சுமையா அடுப்பில் இருக்கிற நேரம். ஆகவே உயர்ந்த ஆலாபனைகள் பலவற்றின் நடுவில் குக்கர் விசில் அடிக்கும். "ரெண்டாவது விசிலுக்கு அப்புறம் கவனிச்சுக் கேளுங்க, அங்கனதான் உசுரே இருக்கு" என்று சிபாரிசு செய்வார். தாளிக்கிற ஓசையோடு பைரவி கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தச் சிபாரிசுதான் அவருக்கு வினையாகவும் வந்தது. 2003-இல் வீரணன் என்பவர் புது ஜீப் ஒன்றை இறக்கினார். நாலு ஸ்பீக்கர், சினிமாப் பாட்டு, பாட்டுக்குத் தகுந்தபடி மினுங்குகிற சிவப்பு விளக்கு. ஒரே வாரத்தில் நம் ஜீப்பிலிருந்து ஆறு பெண்கள் அங்கே மாறிவிட்டார்கள். மற்றவர்கள் எந்த வண்டியில் ஏறுவது என்பது கங்காணி அக்கம்மாளின் கையில் இருந்தது. அவர் இறங்கினால் கூட்டமே இறங்கிவிடும். அப்படி நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கர்ணன் சொல்லியிருந்தார்.

நானும் என் பங்குக்கு, கொஞ்ச நாளைக்குச் சினிமாப் பாட்டையே போடுங்களேன் என்றேன்.

"அது அவுகளுக்கு டீக்கடையிலயே கெடைக்கும் சார். இது எங்கன கெடைக்கும்?" என்றார்.

ஆனால் மனிதர் செய்த தப்பு எனக்குத் தெரிந்தே இருந்தது. எஞ்சின் உறுமுகிற ஏற்றத்தில் வீணையைப் போடுவார். அது யாருக்கும் கேட்காது. கேட்காததை ஈடுகட்ட, "இந்தா வருது, அடுத்த வளைவுல வரும் பாருங்க" என்று தானே பேசிக்கொண்டு வருவார். மிச்சம் மீதி கேட்பதும் அந்தப் பேச்சில் முங்கிப்போகும். ஒரு வியாழக்கிழமை அக்கம்மாள் வாயைத் திறந்தார். "தம்பி, ஒரு மாசமா ஒம் பேச்சத்தான் கேக்குறோம், பாட்டக் காணோம். சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். பொறவு எங்க ஆளுக வீரணன் வண்டிலதான் ஏறுவாக."

அன்று சாயங்காலம் ஷானவாஸ் வீட்டில் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். சுமையாவுக்குக் கேசட் என்றாலே எரிச்சல். இருந்தாலும் கிட்டே வந்து, குக்கர் கத்தும்போதும் அடுப்படி வரைக்கும் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லி அதை எடுத்துக் கொடுத்தாராம். நாகசுரம், கம்பீர நாட்டையில் மல்லாரி, மூலையில் நாலு என்று போட்டிருந்தது. இவ்வளவு நாள் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு காது இருந்தது தெரியாமல் போயிற்றே என்று மறுநாள் என்னிடம் வெட்கப்பட்டுச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பின்னால் எட்டுப் பேர்தான். வீரணன் ஜீப் நிறையப் பாட்டோடு எங்களை முந்திப் போனது. மெட்டுக்குக் கடைசி நாலு வளைவு இருக்கும்போது ஷானவாஸ் கேசட்டைச் செருகினார்.

"அக்கா, கோயில்ல சாமி பொறப்படையில வாசிக்கிறது இது. இன்னைக்குப் பொறப்படுறது நீங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டார். அப்படி அவர் மூடி நான் பார்த்ததில்லை.

தவில் எடுத்த எடுப்பிலேயே ஜீப்பின் தகரத்தை அதிர வைத்தது. நாகசுரம் மேலே வந்து நின்றதும் எனக்கு ஒன்று புரிந்தது. இரண்டாவது கியரில் முனகுகிற எஞ்சின் அதற்குச் சுருதியாக ஒத்து ஊதிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் பின்னால் பேச்சு இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் யாரோ தூக்குச்சட்டி மூடியில் விரலால் தட்டத் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா மூடிகளும் சேர்ந்துகொண்டன. திரும்பிப் பார்த்தேன். முக்காட்டுத் துண்டுகளுக்குக் கீழே எட்டு முகங்களும் நிமிர்ந்திருந்தன. ஏலக்காடு கிளறப் போகிற முகங்களாக அவை இல்லை. வாசிப்பு உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து சுமையாவின் குக்கர் விசில் அடித்தது. பின்னால் ஒருத்தி கோபமாக "உஸ்ஸ்" என்று அதை அதட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, கண்ணும் கலங்கிவிட்டது.

மெட்டில் வீரணன் ஜீப் முன்னமே வந்து நின்றது. எங்களை விட்டு அதற்கு மாறிப்போன ஆறு பேரும் டீக்கடை வாசலில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியையே பார்த்தார்கள். ஷானவாஸ் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். எங்கள் வண்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. மல்லாரி ஓடி முடிந்து, டேப் 'டக்'கென்று நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல், அக்கம்மாள் பக்கம் திரும்பவும் தைரியமில்லாமல், நேரே செக்போஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கேசட்டை உருவி எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்து, மறுபக்கத்தைத் திருப்பி உள்ளே தள்ளினார்.