எங்கள் லெஜண்ட் முருகேசன்

ஃபஹாஹீல் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு, மங்காஃபில் ஒரு மணல் திடலின் ஓரம் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை. ஊரிலிருந்து இந்த அரபு நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் கபடி ஆடுகிறார்கள். வேலியில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்குகிறது: ‘எங்கள் லெஜண்ட் முருகேசன்.’ பெயருக்குக் கீழே ஒரு வரியை மறைத்து பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது.

படத்திலிருக்கும் நரைமீசைக்காரர் ஆட்டத்திலும் இருக்கிறார். பாடிப் போன மூன்று முறையும் பிடிபடுகிறார். இவருக்கா இந்தப் பட்டம் என்று எனக்கு எரிச்சலாக வருகிறது.

பக்கத்தில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் கேப்டன் செல்வத்திடம் கேட்டே விடுகிறேன். “கப்பு ஏதாவது வாங்கிக் குடுத்திருக்காரா தம்பி?”

“ஒண்ணுகூட இல்லண்ணே. நல்லா ஆடுறவன் எவன் இங்க நிக்கிறான்? ரெண்டு வருசம், மூணு வருசம், அப்புறம் கலாஸ், ஊருக்குப் போயிருவான். டீம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்கிறது இவரு மட்டுந்தான்.”

“அந்த டேப்பு?”

“‘பத்தொன்பது ஆண்டுகள்’னு பெருமையா போட்டிருந்தோம். பாத்ததும் அவரே ஒட்டிட்டாரு. அவரு இங்க வந்தப்புறம் பொறந்த மக இருக்கு. அதுக்கும் பத்தொம்பது வயசு. போட்டோவ அது பாக்கும்ல, அதான்.”

ஆட்டம் முடிகிறது. தோற்றவர்கள் ஃபிளெக்ஸின் முன் படமெடுக்கக் கூடுகிறார்கள். உப்புக்காற்றில் டேப்பின் ஒரு முனை பிரிந்து ஆடுகிறது. முருகேசன் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். அது மறுபடி பிரிகிறது. கடைசியில் அந்த வரி மறையும்படி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்று, எடுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்.