அடிக்காத டீச்சர்

எங்கள் எஸ்டேட்டில் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க வரும் அப்பன் கையில் ஒரு காப்பிக் கம்பு இருக்கும். இலையை உருவி, வழவழப்பாகச் சீவி, என்னிடம் கொடுத்து, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சரே" என்பான். அதுதான் டீச்சருக்குச் செய்கிற மரியாதையாம். கொழுப்பு!

வண்டிப்பெரியாரில் பயிற்சி முடித்து வந்த அன்றே அத்தனை கம்பையும் அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கடிக்கிற பிள்ளைக்கு மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வரவில்லை, மடியில் வைத்துப் பேசுங்கள் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு வாய்த்த கடிகாரி நாலு வயதுப் பெண். தேயிலைக்கு மருந்தடிக்கும் தொழிலாளியின் மகள். தலையைத் தடவப் போனாலே முகத்தைப் பொத்திக்கொள்வாள். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஒருநாள் அவளாகவே வந்து என் மடியில் உட்கார்ந்து கதை கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே இன்னொரு பிள்ளையைக் கடித்துவைத்தாள். விஷயம் மலையில் வேலையாக இருந்த அப்பன் காதுக்குப் போய்விட்டது. புதுக் கம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தான்.

"அடிக்காமக் கெடுத்து வச்சிருக்கீங்க. இன்னைக்கு நீங்களே அடிங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து இவள லயத்து வீட்டுல பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவோம்."

"பச்சப் பிள்ளையப் பூட்டுவியா? நீயெல்லாம் மனுசனா?"

அவன் மகளை இழுத்தான். கம்பு சுளீரென்று தொடையில் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். தோல் தடித்து ரத்தம் கசிந்தது. மற்ற பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு அலறின. குறுக்கே பாய்ந்த என் முழங்கையிலும் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான். கம்பைப் பிடுங்கி அவன் முதுகிலும் தோளிலும் விளாசினேன். பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். அப்பன்களைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கம்பு ஒடியும்வரை அடித்தேன். அவன் தடுக்கவே இல்லை.

"எங்கப்பாவ அடிக்காத!"

அவள்தான். ரத்தம் வழியும் காலோடு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பூட்டித்தான் போடுவான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இங்கேயே இருக்கட்டும் டீச்சரே. நான் இனி அடிக்கல" என்றான் தரையைப் பார்த்தபடி.

எனக்கு உயிர் வந்தது. குனிந்து கையை நீட்டினேன். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

"வேணாம்ப்பா, போயிருவோம். அந்த டீச்சரு அடிக்கும்."