நற்கருணை ஞாயிறில் வந்த இரைச்சல்

சித்தூரில் எங்கள் சபையில் பாட்டுக்கு கிட்டார் வாசிப்பது நான்தான். என் ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு பெட்டி. போன வருஷம் அது இரைய ஆரம்பித்தது. சனிக்கிழமை ஒத்திகையில் அந்த இரைச்சல் வராது. மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணைக்கு ஜனங்கள் முழங்காலில் நிற்கும்போது மட்டும் "ம்ம்ம்" என்று இழுக்கும். எல்லாரும் என்னை முறைப்பார்கள், நானே முனகியது போல.

சபைச் செயலாளர் ஒருநாள் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, கர்த்தருடைய பந்தியில லாரி நின்னுக்கினு உறுமுற மாதிரி? ஈஸ்டருக்குள்ள சரி பண்ணு. இல்ல, பொட்டிய வூட்டுக்கு எடுத்துக்கினு போ. கீபோர்டு போதும் எங்களுக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். ரிப்பேர் கடைக்காரர் வால்வுகளை மாற்றிப் பார்த்தார். கண்டென்சரும் புதிதாகப் போட்டார்.

"இரைச்சலே லேது அக்கா, துளி கூட இல்ல. உங்க சர்ச்சுலதான் பேய் கீது," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறு, அதே இரைச்சல். பாட்டு நடுவில் கிட்டார் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. கிட்டாரில் வால்யூமைக் குறைத்தேன், போனது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை. கிட்டார்தான் எதையோ வாங்கித் தருகிறது. கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினேன். ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது.

என் நாற்காலிக்குப் பின்னால், பீடத்துச் சுவரில் சிலுவை. நீலக் கண்ணாடிக்குள் இரண்டு டியூப்லைட், அவற்றை எரிய வைக்கப் பழைய இரும்பு சோக்கு. நற்கருணை அன்றைக்கு மட்டும்தான் போடுவார்கள். ஆராதனை முடிந்ததும் அதன் சுவிட்சை அணைத்தேன். அமைதி. போட்டேன். "ம்ம்ம்."

செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சிலுவைய அணைக்கச் சொல்றியா?"

"சோக்க மாத்தச் சொல்றேன் ஐயா. எல்இடி பல்பு போட்டா முடிஞ்சிச்சி."

"எங்க நைனா ஞாபகமா குடுத்தது. ஒரு ஸ்க்ரூ கூட தொடக்கூடாது."

"உங்க நைனா ஞாபகம் சோக்குலயா கீது?"

பாடகர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வாயப் பாரு," என்று அவர் போய்விட்டார்.

எங்கள் சபையில் பெயர் எழுதிக் கொடுத்த பொருளை யாரும் தொடமாட்டார்கள். ஓடாத கடிகாரம், ஆடுகிற மின்விசிறி, எல்லாம் யாரோ ஒருவருடைய அப்பா. கெட்டுப்போனதைச் சரி செய்தால் செத்தவருக்கு அவமானமாம். உயிரோடு இருப்பவள் அவமானப்பட்டால் பரவாயில்லை.

ஈஸ்டர் நற்கருணை அன்று என் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் கிட்டார் எதையும் வாங்கவில்லை.

"சபைக்கு மூஞ்சி காட்டாம வாசிப்பியா?" என்றார் செயலாளர்.

"வாசிப்பேன். முடிஞ்சா நாற்காலியத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. சிலுவை விளக்கு எரிந்தது. கடைசிப் பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே வாசித்தேன்.