கொண்டல் நுழைந்த அரங்கம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் உள்விளையாட்டரங்க வாசலில், திறந்து வைத்தவர் பெயரைப் பெரிய கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று எந்தக் கல்லும் சொல்லாது. நான் சொல்கிறேன், வெறும் மணல். அந்த மணலில் நான் ராணி மாதிரி வாலிபால் ஆடினேன்.

பீற்றிக்கொள்ளவில்லை, நிஜம். நான் பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவுப் பெண். ஏரிக்கரையில் படகுகளுக்கு நடுவே வலை கட்டி ஆடி வளர்ந்தவள். சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று வீசும். சர்வீஸ் போடும்போது கோட்டுக்கு வெளியே குறி வைக்க வேண்டும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும், பந்து வளைந்து உள்ளே விழும். பல்கலைக்கழகமும் கடலோரம்தான், அதனால் அங்கேயும் என் சர்வீஸை எடுக்க ஆளில்லை.

இரண்டாம் வருஷம் அந்த மணலில் தூண்கள் எழும்பின. அப்புறம் கூரை, சுவர், கடைசியில் பளபளவென்று மரத்தரை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் மக்கு மாதிரி தட்டினேன். முதல் சர்வீஸ் அடித்ததும்தான் உறைத்தது, காற்றை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று. பந்து நான் குறி வைத்த இடத்துக்கே, அதாவது கோட்டுக்கு வெளியே, சமர்த்தாகப் போய் விழுந்தது.

“உள்ள காத்தே இல்ல சார்” என்றேன் கோச்சிடம்.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நேரா அடிச்சிப் பழகு. திறப்பு விழா மேட்ச்ல சொதப்பின, டீம்ல இருக்க மாட்ட.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூரையைப் பிய்த்திருப்பேன். ஆனாலும் பழகினேன். பதற்றம் வந்தால் மட்டும் கை பழைய பக்கமே திரும்பும்.

அந்த மேட்சுக்கு எங்க நைனா தொழிலுக்குப் போகாமல், தன் படகில் வருகிற கூட்டாளிகளோடு பஸ் ஏறி வந்திருந்தார். மகள் ஆடுவதை அவர் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. அவர் கண் முன்னாலேயே இரண்டு சர்வீஸை வெளியே அடித்தேன். மானம் போயிற்று. கடைசி செட்டில் மறுபடி என் முறை வந்தது. ஒரு பாயின்ட் எடுத்தால் ஜெயம், விட்டால் என் இடம் காலி. கோச் முறைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது கேலரியில் நைனா குரல்.

“இன்னாடா இது, கருவாட்டுக் கிடங்கு மாதிரி அடச்சி வெச்சிக்கிறானுங்க! மூச்சு முட்டுது!”

சொன்னதோடு விட்டாரா? கூட்டாளிகளோடு இறங்கிப் போய்க் கடல் பக்கத்துக் கதவுகளை அகலத் திறந்துவிட்டார். குபுகுபுவென்று கொண்டல் உள்ளே வந்தது. என் கை சும்மா இருக்குமா? வெளியே குறி வைத்து ஓங்கி அடித்தேன். பந்து வளைந்து கோட்டுக்குள் விழுந்தது. எதிரணிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

நடுவர் விசில் ஊதினார். “செல்லாது. கதவைச் சாத்திட்டு மறுபடி போடுங்க.”

“காத்து வந்தா தப்பாய்யா? இன்னா ஞாயம் இது?” என்று நைனா நடுவரிடமே மல்லுக்கு நின்றார். அரங்கமே சிரித்தது. எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் பயம் போன இடம் தெரியவில்லை. கதவைச் சாத்தினார்கள். நேராக அடித்தேன். பந்து யார் கையிலும் படாமல் மூலையில் விழுந்தது.

அப்பப்பா, அந்தச் சந்தோஷம்! நைனா கூட்டாளிகள் அடித்த விசில் பழவேற்காடு வரை கேட்டிருக்கும். கோச்சும் என் முதுகில் தட்டினார். டீமில் என் இடம் தப்பியது.

மறு வாரமே அந்தக் கதவில் ஒரு பலகை மாட்டினார்கள். ‘ஆட்டம் நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது.’ இன்றைக்கும் இருக்கிறது. என் மகளை அங்கே கூட்டிப்போனால் வாசல் கல்லைக் காட்டுவதில்லை, நேராக இந்தப் பலகைக்குத்தான் போவேன்.

“பாருடி, இது உங்க தாத்தாவுக்காக வெச்சது” என்பேன்.